இறங்கும் முன் ஆற்றைப் பாருங்கள்

வயநாட்டு மலையடிவாரத்தில், கோழிக்கோடு மாவட்டத்தில் இருக்கிறது கோடஞ்சேரி. ஆடி மாதத்து மழையில் ஊரே வீட்டுக்குள் ஒதுங்கியிருக்கும்போது, இங்கே சிலர் கயாக்கைத் தோளில் சுமந்துகொண்டு ஆற்றை நோக்கி நடப்பார்கள். சாலிப்புழை இருவஞ்ஞிப்புழையோடு சேர, அது சாலியாற்றில் கலந்து பேப்பூரில் கடலை அடைகிறது. மலையை விட்டு இறங்கும் இடத்தில் இரண்டு ஆறுகளும் பாறைக்குப் பாறை துள்ளும். 2013-இல் தொடங்கிய மலபார் ஆற்றுத் திருவிழாவுக்கு வெளிநாட்டு வீரர்கள் வருவதும் இந்தத் துள்ளலுக்காகத்தான்.

வேடிக்கை பார்ப்பவர் கண்ணில் படுவது சில விநாடிப் பாய்ச்சல். அதற்கு முன் அந்தப் படகோட்டி பாறைமேல் நின்று வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிப்பதில்லை. இந்த விளையாட்டில் பாதி அந்தப் பார்வையில் இருக்கிறது. மீதியை வரிசையாகச் சொல்கிறேன்.

1. படகும் உடுப்பும்

காட்டாற்றுக் கயாக் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளமுள்ள கெட்டி பிளாஸ்டிக் படகு. செருப்பு காலுக்குப் பொருந்துவதுபோல அது இடுப்புக்கும் தொடைக்கும் பொருந்த வேண்டும். உள்ளே உடம்பு ஆடினால் படகு சொன்னபடி கேட்காது. இடுப்பைச் சுற்றி ரப்பர் பாவாடை ஒன்றைக் கட்டி, அதன் விளிம்பைப் படகின் வாயில் இழுத்து மாட்டினால் தண்ணீர் உள்ளே புகாது. அந்தப் பாவாடையின் முன்னால் ஒரு வார் உண்டு. அது எப்போதும் வெளியே தெரிய வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. தலைக்கவசம், மிதவைச் சட்டை, இருபக்கத் துடுப்பு, பையில் அடைத்த மீட்புக் கயிறு ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் இறங்கக் கூடாது.

2. கவிழப் பழகுதல்

முதல் பாடம் துடுப்புப் போடுவது அல்ல, கவிழ்வது. அசையாத குளத்தில் வேண்டுமென்றே கவிழ வேண்டும். தலைகீழாகத் தொங்கியபடி முன்னே குனிந்து, வாரை இழுத்து, படகைத் தள்ளி வெளியே வர வேண்டும். பயம் தெளியும்வரை இதைச் செய்த பிறகு, வெளியே வராமலே படகை நிமிர்த்தக் கற்றுக்கொள்ளலாம். நிமிர்த்துவது இடுப்பு வெட்டு. துடுப்பு அதற்குத் துணை. மூச்சுக்கு ஏங்கித் தலையை முதலில் தூக்கினால் படகு மறுபடி கவிழும். தலை கடைசியில்தான் மேலே வர வேண்டும்.

3. கரையில் நின்று படித்தல்

ஒவ்வொரு கொந்தளிப்புக்கும் முன் கரையேறி நடந்து பார்க்க வேண்டும். மேலிருந்து பார்க்கையில் இரண்டு பாறைகளுக்கு இடையே வழவழப்பான நீர், நாக்கு நீட்டியதுபோலக் கீழ்நோக்கிக் கூராகப் போனால் அது வழி. கூர் உங்களைப் பார்த்து நின்றால் அங்கே நீருக்கடியில் பாறை ஒளிந்திருக்கிறது. நீர் விழுந்த இடத்தில் நுரை பின்னோக்கி உருண்டால் அது சுழி. அதன் இரு ஓரங்களும் ஆறு போகும் திசையில் வளைந்திருந்தால் விழுந்தவரை வெளியே தள்ளிவிடும். மேல்நோக்கி வளைந்திருந்தால் நடுவுக்கே இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாய்ந்து கிடக்கும் மரம் இவை எல்லாவற்றையும்விடப் பொல்லாதது: தண்ணீர் கிளைகளுக்கு ஊடே போய்விடும், ஆள் போக முடியாது.

மழையாற்றில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தெளிந்த நீர் திடீரென்று செம்மண் நிறமானாலோ, சருகும் சுள்ளியுமாக மிதந்து வந்தாலோ மலையில் வெள்ளம் கிளம்பிவிட்டது என்று பொருள். உடனே கரையேறுங்கள்.

4. ஒதுக்குக்கு ஒதுக்கு

ஆறு முழுவதையும் ஒரே மூச்சில் கடப்பதில்லை. பெரிய பாறையின் கீழ்ப்பக்கத்தில் நீர் அடங்கி, மேல்நோக்கித் திரும்பிச் சுற்றும். இதைக் கயாக்காரர்கள் 'எடி' என்பார்கள். நாம் ஒதுக்கு என்று வைத்துக்கொள்வோம். அங்கே நுழைந்து மூச்சு வாங்கி, அடுத்த ஒதுக்கைக் குறித்துக்கொண்டு புறப்பட வேண்டும். ஓடும் நீரும் ஒதுக்கு நீரும் உரசும் கோட்டில்தான் புதியவர்கள் கவிழ்வார்கள். சைக்கிளில் வளைவு எடுப்பதுபோல, படகு திரும்பும் பக்கமே உடம்பைச் சாய்த்தால் கவிழாமல் கடக்கலாம்.

5. அருவி

விழும் இடத்தின் ஆழம் தெரியாத அருவியில் யாரும் பாய்வதில்லை. சின்ன அருவி என்றால், விளிம்பைத் தொடும் கணத்தில் ஒரே அழுத்தமான துடுப்பு வீச்சு. முனை மேலெழும்பி, படகு சுழியைத் தாண்டித் தட்டையாக நுரைமேல் இறங்கும். உயரமான அருவியில் அப்படித் தட்டையாக இறங்கினால் முதுகெலும்பு நொறுங்கலாம். அங்கே முனையைக் கீழே விட்டு, முன்னால் குனிந்து, ஊசிபோல நீரைத் துளைக்க வேண்டும். 2009-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பலூஸ் அருவியில், ஏறக்குறைய 57 மீட்டர் உயரத்திலிருந்து டைலர் பிராட் இறங்கியது இந்த முறையில்தான்.

6. படகை இழந்தால்

நீரில் விழுந்தவர் எழுந்து நிற்க முயலக் கூடாது. கால் பாறையிடுக்கில் சிக்கினால், இடுப்பளவுத் தண்ணீரும் ஆளை முன்னே தள்ளி மூழ்கடிக்கும். மல்லாந்து, கால்களை நீர்மட்டத்துக்கு உயர்த்தி, ஆறு போகும் பக்கம் நீட்டி மிதக்க வேண்டும். கரையில் நிற்பவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகே கயிற்றை எறிய வேண்டும்.

7. தூக்கி நடத்தல்

பார்த்த பிறகு மனம் ஒப்பவில்லை என்றால் படகைத் தூக்கிக்கொண்டு நடந்து, கீழே போய் இறங்கலாம். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

பழுத்த அனுபவசாலிகளும் தூக்கி நடக்கும் இடம் ஒன்று உண்டு. அது தடுப்பணை. பார்வைக்குச் சாதுவாக, உயரம் குறைவாக இருக்கும். ஆனால் அதன் அடியில் கரைக்குக் கரை ஒரே சீராகச் சுழி உருண்டுகொண்டிருக்கும். இயற்கைப் பாறையில் உருளும் சுழிக்கு எங்காவது ஓரத்தில் ஒரு திறப்பு இருக்கும். சிமென்டுச் சுவர் அந்தத் திறப்பை வைப்பதில்லை. மழைக்காலத்தில் நம் ஊர்த் தடுப்பணைகளின் நுரையில் குளிக்க இறங்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.