செலவா, முதலீடா?

அரசு செலவு செஞ்சாத்தான் நாடு வளரும் என்பது ஒரு கட்சி. எல்லாம் வரிப்பண விரயம் என்பது இன்னொரு கட்சி. வங்கியில் இருந்தவரை, கடன் கேட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்டது "பணத்தை எதில் போடப் போறீங்க?" என்பதுதான். அரசிடமும் அதையே கேட்கணும்.

நம்ம பேராவூரணியையே எடுத்துக்குவோம். ஒரு காலத்தில் ஏரியையும் வானத்தையும் நம்பிய பூமி. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் திட்டத்தோடு சேர்ந்து வந்தது கல்லணைக் கால்வாய். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்தபோதும் வேலை நடந்தது. அன்று போட்ட பணம் 90 ஆண்டு கழித்தும் கடைமடையில் நெல்லாக, தென்னையாக, கூலியாக, கடைத்தெரு வியாபாரமாகத் திரும்பி வருது.

உர மானியத்தைப் பாருங்க. 2022-23-இல் மத்திய அரசு கொடுத்தது சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். பொட்டாஷ் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி. யூரியாவுக்கான எரிவாயுவிலும் பெரும்பகுதி அப்படித்தான். பணம் ஊரில் சுற்றுவதில்லை; மண்ணும் வளர்வதில்லை; அடுத்த வருஷமும் அதே செலவு.

2021-இல் அடிக்கல் நாட்டிய 2,640 கோடி ரூபாய் கால்வாய்ச் சீரமைப்பிலும் இதே கேள்விதான். கடைமடைக்குத் தண்ணி வேகமா வரும், சரி. அடித்தளத்தையும் கான்கிரீட்டால் மூடினால் கிணற்றுக்கு ஊற்று எங்கிருந்து வரும்?

அடுத்த கிராம சபையில் "எவ்வளவு ஒதுக்கீடு?" என்பதோடு நிறுத்தாதீங்க. "எந்த வாய்க்காலுக்கு, எந்தக் குளத்துக்கு, எத்தனை வருஷப் பலன்?" என்றும் கேளுங்க.