வேலிக்கு வெளியே இருப்பவர்கள் யாருடைய பிள்ளைகள்?



சில மாதங்களுக்கு முன் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் வந்தார். கையில் ஓர் ஆங்கில நாவல். "ஃபாதர், பிணங்கள் எழுந்து நடக்கிற கதையாம். மகள் ராத்திரியெல்லாம் இதையே படிக்கிறாள். இதைப் படிக்கலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்கள்" என்றார். உறுதிபூசுதலுக்குத் தயாரித்துக்கொண்டிருந்த அந்த மகள் வேறொரு கேள்வி கேட்டாள்: "வேலிக்கு வெளியே போன அந்த அம்மா, கடவுளுக்கும் வெளியே போய்விட்டார்களா, ஃபாதர்?"

படிக்காமல் பதில் சொல்வது முறையல்ல. எனவே மூன்று பாகங்களையும் படித்தேன்.

இவற்றை எழுதிய கேரி ரையன், முன்பு வழக்கறிஞராக இருந்த அமெரிக்கப் பெண்மணி. 'தி ஃபாரஸ்ட் ஆஃப் ஹேண்ட்ஸ் அண்ட் டீத்' 2009-இலும், 'தி டெட்-டாஸ்ட் வேவ்ஸ்' 2010-இலும், 'தி டார்க் அண்ட் ஹாலோ ப்ளேசஸ்' 2011-இலும் வெளிவந்தன. ஜாம்பி என்பது ஹெயிட்டி நாட்டு மக்களின் நம்பிக்கையிலிருந்து வந்த சொல். 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த திரைப்படத்திற்குப் பிறகு, உயிருள்ளோரைக் கடித்துத் தின்னும் நடைப்பிணம் என்ற உருவம் உலகெங்கும் பரவியது.

கதை இதுதான். கொடிய தொற்று ஒன்றால் உலகம் அழிந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. காட்டின் நடுவே, கம்பி வேலிக்குள் ஒரு சிற்றூர். வேலிக்கு வெளியே நடைப்பிணங்கள். ஊரை ஆள்வது துறவறப் பெண்களின் சபை. மேரி என்னும் இளம்பெண்ணின் தந்தை காட்டில் காணாமற்போனவர். அவர் முகத்தை ஒருமுறையாவது பார்த்துவிட ஏங்கும் தாய் வேலியருகே போகிறார், தொற்றுக்கு உள்ளாகிறார். அவர் முன் இருந்தவை இரண்டே வழிகள்: கொல்லப்படுவது அல்லது காட்டிற்குள் விடப்படுவது. கணவர் இருக்கும் காட்டையே அவர் தேர்ந்துகொள்கிறார். அவரைப் போக விட்டதற்காக மேரியின் அண்ணன் அவளை வீட்டில் சேர்க்க மறுக்கிறான். நேரத்தில் அம்மாவிடம் போய்ச் சேரவில்லையே என்ற குற்றவுணர்வு அவளை வாட்டுகிறது.

அந்த ஊரில் நடைப்பிணங்களுக்கு இட்ட பெயர்தான் என்னைத் தடுத்து நிறுத்தியது: 'அர்ச்சிக்கப்படாதோர்'. நேற்றுவரை அம்மா, இன்று அர்ச்சிக்கப்படாதவர். இரண்டாம் பாகத்தின் கடலோர ஊரில் இதே பிணங்களுக்கு 'ஊமைகள்' என்று பொருள்படும் வேறு பெயர். மூன்றாம் பாகத்தின் நகரத்தில் 'கொள்ளைநோய் எலிகள்'. இறந்தவர்கள் மாறவில்லை. பெயரிட்டவர்களின் அச்சம்தான் மாறுகிறது.

அச்சத்தால் பெயரிடுவது கதையில் மட்டும்தானா? நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் மதிலுக்கு வெளியே சில மண்மேடுகள் இருந்தன, சிலுவை கிடையாது. தற்கொலை செய்துகொண்டவர்களும், திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளும் அங்கே. இறந்தோர் நினைவு நாளன்று எல்லாரும் உள்ளே மெழுகுதிரி ஏற்றுவார்கள். ஒரு மூதாட்டி மட்டும் இருட்டிய பிறகு மதிலுக்கு வெளியே வந்து ஒரு திரி ஏற்றிவிட்டுப் போவார். அவரோடு நின்று செபிக்க எவரும் இல்லை.

1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், தெளிந்த மனத்தோடு தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டின் சட்டத்தில், அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலில் அவர்கள் இல்லை. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்தும் அதற்குமுன் இறந்த குழந்தைக்கு, ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு நடத்தலாம் என்றும் அச்சட்டம் சொல்கிறது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்றும் கற்பிக்கிறது (எண் 2283). உயிரை மாய்த்துக்கொள்வது கடும் தவறு என்ற போதனை மாறவில்லை. கடும் மனவேதனையும் மனநோயும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம் என்பதையும் திருச்சபை அறிந்திருக்கிறது (எண் 2282). தீர்ப்பு நம் கையில் இல்லை.

நாவலின் துறவறச் சபை செய்த பெரிய பிழை வேலி கட்டியது அல்ல. வேலி ஊரைக் காத்தது. உண்மையை மறைத்ததுதான் பிழை. உலகில் வேறு மனிதர்களே இல்லை என்று ஊராரை நம்பவைத்தார்கள். வெளியிலிருந்து ஓர் இளம்பெண் உயிரோடு வந்தபோது அவளை ஒளித்துவைத்தார்கள். இறைவனின் பெயரால் அச்சத்தை வளர்த்தார்கள். இந்தச் சபை நம் அருள்சகோதரிகளைக் குறிப்பதல்ல. ஆயினும் குருக்களாகிய நாங்கள் இதைப் படித்து எங்களையே கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த நடைப்பிணங்கள் உயிர்ப்பின் சாயல் அல்ல, அதன் நேர் எதிர். இவை நடக்கும், ஆனால் எவரையும் அறியா. மகளே எதிரில் நின்றாலும் அது வெறும் இரைதான். நம் ஆண்டவரோ இலாசரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் (யோவா 11:43). உயிர்த்தெழுந்த காலையில் கல்லறையருகே அழுதுகொண்டிருந்த பெண்ணையும் 'மரியா' என்றே அழைத்தார் (யோவா 20:16). நாம் அச்சத்தால் சூட்டுகிற பெயரால் அல்ல, அவரவர் சொந்தப் பெயராலேயே அவர் அழைக்கிறார். மதில் எங்கே முடிகிறது என்று பார்த்து அவர் குரல் நின்றுவிடுவதில்லை.

ஆகவே அந்தத் தாய்க்கு என் பதில்: வளர்ந்த பிள்ளைகள் படிக்கலாம். இரத்தமும் அச்சமும் மிகுந்த கதை. சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். முடிந்தால் நீங்களும் படித்து, மகளோடு பேசுங்கள். அந்த மகளுக்கு என் பதில்: "இல்லை, மகளே. நம் வேலிக்கு வெளியே போகலாம். கடவுளின் கைக்கு வெளியே போய்விட்டார் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை."

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும்போது, உங்கள் குடும்பக் கல்லறையில் செபித்து முடித்ததும் சற்று நடந்து ஓரத்திற்குப் போங்கள். பெயர் அழிந்த, பூ வைக்கப்படாத கல்லறை ஒன்று இருக்கும். அங்கே ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். உங்கள் தெருவில் அப்படி ஒருவரை இழந்த குடும்பம் இருந்தால், அவர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்த மூதாட்டியைப் போல இனி எவரும் இருட்டிய பிறகு தனியே வர வேண்டாம்.

இறந்த விசுவாசிகளின் ஆன்மாக்கள் இறைவனின் இரக்கத்தால் அமைதியில் இளைப்பாறுவனவாக. ஆமென்.