அடுப்படியில் பிறந்த ஓடப் பந்தயம்

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் திருத்தணிவாசிகளான நமக்குத் தெரிந்த தண்ணீர் விசேஷம் ஒன்றே ஒன்றுதான். மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம். காவடிக் கூட்டத்தில் இடிபட்டு, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, விளக்கொளியில் சுவாமி வலம் வருவதைப் பார்த்துவிட்டு வருவோம். தெப்பத்துக்கு அவசரம் ஏது? மெள்ளத்தான் நகரும். நம் நந்தியாற்றிலோ நல்ல மழை பெய்தால்தான் தண்ணீர். ஆகவே ஆற்றில் ஓடம் விட்டு முந்துகிறார்கள், அதையும் சுவாமி காரியமாகவே செய்கிறார்கள் என்றால் கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும்.

கேரளத்தில் பத்தனம்திட்டை மாவட்டத்திலுள்ள ஆறன்முளையில் வருஷா வருஷம் அது நடக்கிறது. பம்பை நதிக்கரையில் பார்த்தசாரதி கோயில். நம்மாழ்வார் பாடிய திருவாறன்விளை இதுதான். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஆறு மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் சுவாமி இங்கே வந்து சேர்ந்தார் என்பது ஐதீகம். மலையாளத்தில் மூங்கிலுக்கு 'முள' என்று பெயர். ஆறு முள, ஆறன்முளை ஆயிற்றாம். பார்த்தீர்களா, அங்கேயும் கதை தெப்பத்தில்தான் தொடங்குகிறது! நம் மலைக்கு ஏற 365 படிகள் என்றால், அந்தக் கோயிலின் வடக்கு வாசலிலிருந்து நதிக்கு இறங்க 57 படிகள்.

பந்தயம் எப்படி வந்தது என்பதுதான் நமக்கு ருசியான விஷயம். பம்பைக்கரையில் காட்டூர் என்ற ஊரில் மங்காட்டு பட்டதிரி என்று ஒருவர் இருந்தார். திருவோணத்தன்று ஓர் அதிதிக்கு வயிறார அன்னமிட்டுவிட்டுத்தான் தாம் சாப்பிடுவார். ஒரு வருஷம் அதிதி யாரும் வரவில்லை. இலை போட்டபடி கிடக்கிறது, சமைத்ததெல்லாம் ஆறுகிறது, மனுஷர் பட்டினியாகக் காத்திருக்கிறார். கடைசியில் ஒரு பிள்ளை வந்தான், சாப்பிட்டான், போனான். வந்தவன் ஆறன்முளைப் பெருமானே என்று பிறகுதான் தெரிந்ததாம். அதுமுதல் திருவோண விருந்துக்கு அரிசியும் காய்கறியும் மற்ற சாமான்களும் ஒரு தோணியில் ஏற்றி, இரவோடிரவாக ஆற்றில் ஆறன்முளைக்கு அனுப்பத் தொடங்கினார்.

ஒரு சமயம் வழியில் கொள்ளைக்காரர்கள் அந்தத் தோணியை மறித்தார்கள். சேதி கேட்ட கரையோரத்து ஊர்க்காரர்கள் தங்கள் ஓடங்களில் பாய்ந்து வந்து தோணியைக் காப்பாற்றினார்கள். அடுத்த வருஷத்திலிருந்து காவலாக ஓடங்களும் கூடவே வர ஆரம்பித்தன. துணைக்கு வந்தவைதான் பின்னால் பந்தய ஓடங்கள் ஆயின என்கிறார்கள். ஆக, இதற்கெல்லாம் மூலம் ஒரு வீட்டுச் சமையல்!

இன்றும் திருவோணத் தோணி போகிறது. மங்காட்டு குடும்பம் எப்போதோ கோட்டயம் பக்கத்துக் குமாரநல்லூருக்குக் குடி பெயர்ந்துவிட்டது. ஆனாலும் அந்தக் குடும்பத்தின் மூத்தவர் அங்கிருந்து நீர்வழியாகவே காட்டூர் வந்து, தோணியேறி, திருவோண விடியலில் சன்னிதிக்கு வந்து சேர்கிறார். அதற்கடுத்த நான்காம் நாள் உத்திரட்டாதி. அன்றுதான் பந்தயம்.

பந்தய ஓடத்துக்குப் பெயர் பள்ளியோடம். சுவாமியின் ஓடம் என்று பொருள். நம் தமிழ் மாதிரியே இல்லை? ஆஞ்சிலி என்ற மரத்தில் செய்கிறார்கள். அது பலா இனத்தைச் சேர்ந்தது. சுமார் 100 அடி நீளம். பின்புறம் பாம்பு படம் எடுத்த மாதிரி வானத்தை நோக்கி எழும்பி நிற்கும். அந்த உயரத்தில் நின்று நான்கு பேர் நீண்ட துடுப்பால் திசை திருப்புவார்கள். அவர்கள் நான்கு வேதம், துடுப்பு வலிக்கிற 64 பேரும் 64 கலைகள் என்று கணக்குச் சொல்வதுண்டு. நடுவில் பட்டுக்குடை, பாட்டுக்காரர்கள் தனி. எல்லாரும் வெள்ளை வேட்டி, தலையில் முண்டாசு.

பாடுவது வஞ்சிப்பாட்டு. வஞ்சி என்றாலும் ஓடம்தான். 18ம் நூற்றாண்டில் ராமபுரத்து வாரியர் இயற்றிய குசேல விருத்தம் இந்த வகைப் பாட்டில் புகழ் பெற்றது. ஒரு பிடி அவலை மடியில் முடிந்துகொண்டு சிநேகிதனைப் பார்க்கப் போன குசேலர் கதை ஓடப் பாட்டானது எத்தனை பொருத்தம்! வேகம் ஒன்றையே பார்த்துப் பரிசு கொடுக்கிற வழக்கம் இங்கே வெகுகாலம் இல்லை. பாட்டு, துடுப்பு விழுகிற ஒழுங்கு, உடை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். மற்ற இடங்களில் நடக்கும் படகுப் போட்டிக்கும் இதற்கும் அங்கேதான் வித்தியாசம்.

பழைய ஓடங்களைப் பந்தயம் வாழவைப்பது நம் பக்கத்தில் மட்டும் என்று நினைக்காதீர்கள். லண்டனில் தேம்ஸ் நதியில் செந்நிறப் பாய் கட்டிய சரக்குப் படகுகள் வைக்கோலும் செங்கல்லும் ஏற்றிப் போன காலம் ஒன்று உண்டு. அவற்றுக்கு 1863ல் ஒரு பந்தயம் தொடங்கினார் ஹென்றி டாட் என்பவர். ஊர்க் குப்பையை அள்ளும் காண்டிராக்டில் பணம் சேர்த்தவர்! லாரியும் ரயிலும் வந்து சரக்கு போச்சு. 1970ம் ஆண்டோடு பாயை மட்டும் நம்பிச் சரக்கு ஏற்றுவது நின்றேவிட்டது. பந்தயத்துக்காகவே சில படகுகளை இன்னமும் பேணி வருகிறார்கள். நம் பக்கிங்காம் கால்வாயிலும் உப்பும் விறகும் ஏற்றிய பாய்மரப் படகுகள் சென்னைக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு ஒரு பந்தயமும் இல்லை, கோயிலும் இல்லை. போனது போனதுதான்.

பள்ளியோடங்களுக்கு அந்தக் கதி வரவில்லை. இப்போது 50க்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கரைக்கு, அதாவது ஓர் ஊருக்குச் சொந்தம். தனிக் கொட்டகையில் வைத்து, மீனெண்ணெய் பூசி, வீட்டுப் பெரியவரைக் கவனிக்கிற மாதிரி கவனிக்கிறார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆறன்முளையே மூழ்கியது. 2020ல் தொற்றுநோய் வந்து எல்லாம் அடையாளமாகச் சுருங்கியது. இரண்டையும் தாண்டிவிட்டார்கள்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். ஆடி மாதத்திலிருந்து புரட்டாசி வரை அந்தக் கோயிலில் வள்ளசத்யா என்று ஒரு பிரார்த்தனை. குழந்தை வேண்டியோ, நோய் தீரவோ நேர்ந்துகொண்டவர்கள் ஒரு பள்ளியோடத்துக் காரர்கள் அத்தனை பேருக்கும் விருந்து வைக்கிறார்கள். ஓடம் கரைக்கு வந்ததும் வெற்றிலை பாக்கு கொடுத்து எதிர்கொண்டு அழைக்க வேண்டும். அவியல், ஓலன், காளன், எரிசேரி, பச்சடி, தோரன், அடைப் பிரதமன் என்று இலையில் 60 வகைக்கு மேல்! அதோடு விட்டார்களா? பந்தியில் உட்கார்ந்தவர்கள் வேண்டியதைப் பாட்டாகப் பாடிக் கேட்பார்கள். பாயசமோ, பழமோ, கரும்போ, கற்கண்டோ, பாட்டு முடியுமுன் இலைக்கு வந்தாக வேண்டும். 'இல்லை' என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. நம் வீட்டு ஐயாக்களிடம் இந்தச் சமாசாரத்தைச் சொல்லிவைக்காதீர்கள், நாளைக்கே ராகம் போட ஆரம்பித்துவிடுவார்கள்!

இத்தனையும் எப்படி ஜீரணமாகிறது என்றுதானே கேட்கிறீர்கள்? இஞ்சிக்கறி இருக்கிறதே. ஆயிரம் கறிக்குச் சமம் என்று மலையாளிகள் கொண்டாடுவது. இஞ்சியைப் பொடியாக நறுக்கித் தேங்காயெண்ணெயில் கருஞ்சிவப்பாக வறுத்து, பச்சை மிளகாயும் கெட்டியான புளிக்கரைசலும் உப்பும் மிளகாய்ப் பொடியும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, வெல்லம் போட்டு இறக்கிக் கடுகு தாளித்தால் ஆயிற்று. சிறு பாட்டிலில் எடுத்துவைத்தால் தயிர் சாதத்துக்கும் ஆகும்.

வள்ளசத்யா செலவு பெரிய செலவு. கடன்பட்டுச் செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒரு பாயச நைவேத்தியத்தையும் அதே பெருமாள்தானே ஏற்கிறார்? குழந்தைக்காக நேர்ந்துகொள்கிற தம்பதிகள் இருவருமே டாக்டரிடமும் ஒரு நடை போய்வர வேண்டும். பெண்ணை மட்டும் அனுப்பிவிட்டு வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் போதாது.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "ஏன்க்கா, பொம்பளைங்க அதுல ஏறலாமா?"

"ஏறக்கூடாதுடீ. சம்பிரதாயம்."

"சமைச்சதுலேர்ந்து வந்த பந்தயம்ங்கறீங்க, நமக்கு மட்டும் கரையிலதானா?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. பள்ளியோடம் சன்னிதிக்குச் சமம், விரதம் இருந்துதான் ஏற வேண்டும் என்பது அவர்கள் கட்டுப்பாடு. அதே கேரளத்தில் ஆலப்புழையில், 1952ல் நேரு வந்து பார்த்து மகிழ்ந்த பிறகு அவர் பெயரால் நடக்கும் நேரு கோப்பைப் போட்டியில், 'தெக்கனோடி' என்ற ஓடங்களில் பெண்களே துடுப்பு வலிக்கிறார்கள். கை ஓங்கி விழுவதைப் பார்த்தால் மாவாட்டிய கையா என்று ஆச்சரியமாக இருக்கும். ஆறன்முளையிலும் ஒரு காலம் வரலாம். வற்புறுத்தி வருவதைவிட அந்தக் கரைப் பெண்களே கேட்டு வந்தால் நிலைக்கும் என்று தோன்றுகிறது.

அந்தக் கரைப் பெண்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. 2022 செப்டம்பர் 10ந் தேதி, ஆறன்முளைப் பந்தயத்துக்குப் புறப்பட்ட சென்னித்தலைப் பள்ளியோடம் அச்சன்கோவில் ஆற்றில் கவிழ்ந்தது. போன உயிர்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் ஒருவன். பிறந்ததிலிருந்து ஆற்றைப் பார்த்து வளர்ந்த ஊரிலேயே இப்படி என்றால், குளத்தை விசேஷ நாளில் மட்டும் பார்க்கிற நம் பிள்ளைகள் எம்மாத்திரம்? வேகமாக ஓடும் தண்ணீர் நீச்சல் தெரிந்தவனையும் இழுக்கும். தெரியாதவனுக்கோ இடுப்பளவே போதும். ஆணோ பெண்ணோ, ஏழெட்டு வயசில் தெரிந்தவர் துணையோடு நீச்சல் பழக்கிவிடுங்கள். தெப்பக் கூட்டத்தில் குழந்தையைக் குளத்துப் படிப் பக்கம் விடாமல் உள் பக்கமாகக் கைப்பிடித்து நடத்துங்கள்.

போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காட்பாடியில் திருவனந்தபுரம் மெயில் ஏறினால் செங்கன்னூரில் இறங்கலாம். அங்கிருந்து ஆறன்முளை சுமார் 10 கிலோமீட்டர். பந்தய நாள் கூட்டம் கைக்குழந்தையோடு தாங்காது. ஆடியிலோ ஆவணியிலோ வள்ளசத்யா நடக்கிற சாதாரண நாளில் போனால் ஓடம் கரை சேர்வதையும் பாட்டையும் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். உலோகத்தில் வார்த்த ஆறன்முளைக் கண்ணாடி அந்த ஊர்ச் சிறப்பு. விலை கூடுதல். சிறியதாக ஒன்று வாங்கினால் பூஜை அலமாரியில் வைக்க லட்சணமாக இருக்கும்.