காயலான் கடைக்காரர் எதை வாங்க மாட்டார்?

காலி தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றுங்கள். பாட்டிலிலிருந்து கத்தரிக்கோலால் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் வாளித் தண்ணீரில் போட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழி போகும்படி ஒருமுறை அமுக்கிவிடுங்கள். மூடி மேலே வந்துவிடும், பாட்டில் துண்டு அடியில் கிடக்கும். மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன், தண்ணீரைவிட லேசு. பாட்டில் ‘பெட்’ வகை. அதில் ஒரு கன சென்டிமீட்டர் ஏறத்தாழ 1.38 கிராம் இருக்கும். மறுசுழற்சிப் பட்டறைகளும் அரைத்த பாட்டில் துணுக்குகளை இப்படித்தான் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிப் பிரிக்கின்றன.

சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் பல பத்தாண்டுகளாக லாரி லாரியாகப் போய் மலையானது அதுதான். ஆனால் செய்தித்தாள், அட்டைப்பெட்டி, இரும்பு, பால் கவர் எல்லாம் பெரும்பாலும் அந்த லாரியில் ஏறுவதே இல்லை. அதற்கு முன்பே தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போய்விடுகின்றன. மாநகராட்சி ஒரு பைசா செலவழிக்காமல் நடக்கிற வேலை இது. இதைச் செய்கிறவர்களுக்கு நகரம் உரிய மரியாதை தருவதில்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் கடையில் விலையை நிர்ணயிப்பது பொருள் மட்டுமல்ல, அது எவ்வளவு கலப்பில்லாமல் இருக்கிறது என்பதும்தான். அதற்கு வேதியியல் காரணம் உண்டு. பெட்டை உருக்க 260 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். பார்வைக்கு அதேபோலக் கண்ணாடியாகத் தெரியும் பிவிசி துண்டுகள் கொஞ்சம் உள்ளே கலந்துவிட்டால் போச்சு. அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடும். அந்த அமிலம் பெட்டின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டிப்போடும். வாளி வித்தையும் இங்கே பலிக்காது. இரண்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று, இரண்டுமே மூழ்கும்.

காகிதத்தின் சிக்கல் வேறு. கூழாக்கும்போதெல்லாம் அதன் நார்கள் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து குட்டையாகின்றன. ஐந்தாறு சுற்றுக்கு மேல் தாங்குவது கடினம். அதனால்தான் நோட்டுத்தாள் அட்டைப்பெட்டியாகி, கடைசியில் முட்டை அடுக்கும் தட்டாகிறது. எதிர்த்திசையில் போக வழியில்லை. சாம்பாரில் ஊறிய காகிதம் முதல் சுற்றுக்கே தேறாது. எண்ணெய் பட்ட நார்கள் ஒன்றோடொன்று சரியாகப் பிடித்துக்கொள்ளாது. மக்கும் குப்பையைத் தனியாக வைக்கச் சொல்லும் விதிகளைப் பலர் நாற்றத்துக்கான ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். ஈரத்தில் நனைந்து கெடுவது உலர்ந்த குப்பையின் விலையும்கூட. அலுமினிய டின் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலி. எத்தனை முறை உருக்கினாலும் அது அலுமினியம்தான். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட 95 சதவீதம் மின்சாரமும் எரிபொருளும் மிச்சம்.

இனி சிப்ஸ் கவர். பளபளக்கும் உட்புறம் அலுமினியத் தகடு அல்ல. பிளாஸ்டிக் தாள்மேல் ஆவியாகப் படியவைத்த பூச்சு. அதன் தடிமன் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனாலும் ஆக்சிஜனையும் ஈரத்தையும் வெளியே நிறுத்திச் சிப்ஸைப் பல வாரம் நமுத்துப்போகாமல் காக்கும். அதன்மேல் அச்சு மை, ஒட்டுப் பசை, இன்னொரு பிளாஸ்டிக் தாள். பொறியியலாகப் பார்த்தால் பிரமாதம். பிரித்தெடுக்கிற செலவில் புதிதாகவே செய்துவிடலாம் என்பதால் காயலான் கடைக்காரர் அதைத் தொடுவதில்லை. சிமென்ட் ஆலைச் சூளையில் நிலக்கரிக்குப் பதில் எரிக்கத்தான் அது லாயக்கு. அங்கே கிடைப்பது சூடு மட்டும், பொருள் திரும்புவதில்லை.

பெரிய ஆலைகளில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்துப் பிளாஸ்டிக்கை வகை பிரிக்கும் இயந்திரங்கள் உள்ளன. ஓட்டல் பார்சல் வரும் கறுப்பு டப்பா அவற்றில் பல இயந்திரங்களுக்குத் தெரிவதே இல்லை. நிறத்துக்காகச் சேர்த்த கார்பன் தூள் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. பழகிய கைக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. ஓரத்தை வளைத்துப் பார்த்தால் பாலிபுரோப்பிலீன் மடங்கிக்கொடுக்கும், பாலிஸ்டைரீன் சட்டென்று உடையும்.