ராகிங் சங்கிலியை அறுப்பது யார்?

ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும் காலத்தில், அன்னூரிலிருந்து கோவில்பாளையம், சரவணம்பட்டி வழியாகக் கோவை செல்லும் பேருந்துகளில் புதுமுகங்கள் பலவற்றைக் காணலாம். சிலர் நாள்தோறும் சென்று திரும்பும் மாணவர்கள். சிலர் பெட்டி படுக்கையுடன் விடுதிக்குப் போகிறவர்கள். இவர்களுடைய பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். கட்டணக் கவலைக்கு அடுத்தபடியாக அவர்கள் மனத்தில் இருப்பது ராகிங்கைப் பற்றிய அச்சமே. இலங்கைத் தமிழர் இதனைப் 'பகிடிவதை' என்பர். பகிடி என்றால் வேடிக்கை. வேடிக்கையாகத் தொடங்குவது வதையாக முடிகிறது என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகிறது.

இதைத் தடுக்கச் சட்டம் உண்டு; தண்டனையும் உண்டு. இருந்தும் இது ஏன் ஒழியவில்லை? உடலியலும் உளவியலும் இதற்குத் தரும் விடையைக் காண்போம்.

சட்டம் பிறந்த வரலாறு

1996 நவம்பரில் அண்ணாமலைநகர் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொலை செய்யப்பட்டார். தமிழகமே அதிர்ந்தது. அவ்வாண்டே அவசரச் சட்டமும், 1997-இல் முறையான தடைச் சட்டமும் வந்தன. ராகிங் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும், 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க இச்சட்டம் வழி செய்தது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவர், குற்றத்துக்கு உடந்தையானவராகக் கருதப்படுவார்.

கொலை வழக்கோ நெடுங்காலம் நடந்தது. 1998-இல் கடலூர் நீதிமன்றம் தண்டித்தது. 2001-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. சட்டம் பெரும்பாலும் தீங்கு நடந்த பின்னரே வந்து சேருகிறது என்பதை இது காட்டுகிறது. 2023 நவம்பரில் கோவையிலேயே, கல்லூரி விடுதி ஒன்றில் இளைய மாணவரைத் தாக்கித் தலையை மொட்டையடித்ததாக மூத்த மாணவர் எழுவர் கைது செய்யப்பட்டனர். எனவே தீங்கு நடக்குமுன் தடுப்பது எப்படி என்பதே நம் கேள்வி.

தோப்புக்கரணம் உயிரைப் பறிக்குமா?

"அடிக்கவா செய்தோம்? நூறு தோப்புக்கரணம்தானே போடச் சொன்னோம்!" என்று சிலர் சொல்வதுண்டு. 1997-இல் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் இறந்தது இத்தகைய பகிடிவதையால்தான். கடுமையான உடற்பயிற்சிகளைச் செய்யுமாறு வற்புறுத்தப்பட்ட அவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. மறு ஆண்டே இலங்கையிலும் தடைச் சட்டம் இயற்றப்பட்டது.

பயிற்சிக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு? புதிதாக ஏரில் பூட்டிய காளையை முதல் நாளே பொழுது சாயும்வரை ஓட்டும் உழவர் எவருமில்லை. பழக்கமில்லாத தசையை அளவுமீறி வருத்தினால் தசைச் செல்கள் சிதைகின்றன. அவற்றிலுள்ள மையோகுளோபின் என்னும் சிவப்புநிறப் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தை வடிகட்டும் சிறுநீரகத்தின் நுண்குழல்களை இது அடைத்துச் சேதப்படுத்துகிறது. செல்களிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிலைகுலையச் செய்யலாம். தண்ணீர் குடிக்க விடாமல் வருத்தினால் ஆபத்து இன்னும் மிகுதி.

தாங்க முடியாத தசை வலி, தளர்ச்சி, கடுந்தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். என்ன செய்ய வைத்தார்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். காலத்தோடு சிகிச்சை தொடங்கினால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியும்.

பட்டவனே ஏன் படுத்துகிறான்?

சென்ற ஆண்டு அழுதவர், இந்த ஆண்டு பிறரை அழ வைக்கிறார். இது விந்தையாகத் தோன்றும். 1959-இல் ஆரன்சன், மில்ஸ் என்ற அமெரிக்க உளவியலார் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். உரையாடல் குழு ஒன்றில் சேர விரும்பிய மாணவியரில் ஒரு பகுதியினர், கூச்சம் தரும் சொற்களை ஓர் ஆணின் முன் உரக்கப் படித்த பின்னரே சேர்க்கப்பட்டனர். மற்றொரு பகுதியினருக்கு எளிய சோதனை. மூன்றாம் பகுதியினருக்குச் சோதனையே இல்லை. பிறகு எல்லாருக்கும், வேண்டுமென்றே சுவையற்றதாகத் தயாரித்த ஒரே உரையாடலைக் கேட்கச் செய்தனர். அது நன்றாக இருந்தது என்று மிகுதியாகப் பாராட்டியவர்கள் கடுஞ்சோதனைக்கு உட்பட்டவர்களே!

காரணம் இதுதான்: பட்ட துன்பம் வீண் என்று ஒப்புக்கொள்ள மனம் மறுக்கிறது. "அதனால்தான் நண்பர்கள் கிடைத்தார்கள், தைரியம் வந்தது" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறது. அந்தச் சமாதானமே அடுத்த ஆண்டு வழக்கமாகிறது. உண்மையில் நண்பர்கள் கிடைத்தது ஒன்றாகப் படித்து, ஒன்றாக உண்டு, ஒன்றாக வாழ்ந்ததால். வதை இல்லாமலே அவர்கள் கிடைத்திருப்பார்கள்.

பார்த்துக்கொண்டிருப்பவர்கள்

ஓர் அறையில் நால்வர் ராகிங் செய்தால், அக்கம்பக்கத்தில் நாற்பது பேருக்கு அது தெரிந்திருக்கும். அவர்கள் வாய் திறவாதது ஏன்? 1968-இல் டார்லி, லத்தானே என்ற இருவர் செய்த சோதனையில், தனித்தனி அறைகளில் இருந்த மாணவர்கள் உள்தொடர்புக் கருவி வழியே உரையாடினர். நடுவில் ஒரு குரல் வலிப்பு வந்து தவிப்பது போல் ஒலித்தது. தான் ஒருவரே அதைக் கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் உதவி தேடி எழுந்தனர். வேறு நால்வரும் கேட்பதாக நம்பியவர்களில் 31 விழுக்காட்டினரே எழுந்தனர். பொறுப்பு பலரிடையே பங்கிடப்படும்போது யாரிடமும் அது மிஞ்சுவதில்லை.

நாம் செய்யத்தக்கது

2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேச மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கால் இறந்ததற்குப் பின், பல்கலைக்கழக மானியக் குழு அவ்வாண்டே கடுமையான விதிகளை வகுத்தது. புதிய மாணவருக்கு விடுதியில் தனிப் பகுதி, அவர்களைச் சிறு குழுக்களாக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர், தடுப்புக் குழு ஆகியவை அவற்றுள் சில. 1800-180-5522 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் ஏற்படுத்தப்பட்டது.

நீங்கள் முதலாண்டு மாணவரானால், அந்த எண்ணையும் விடுதிக் காப்பாளரின் எண்ணையும் சேர்ந்த அன்றே குறித்து வையுங்கள். வீட்டாருக்கு மனவருத்தம் வேண்டாமென்று எதையும் மறைக்காதீர்கள். நீங்கள் பக்கத்து அறைக்காரரானால், "வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்" என்ற எண்ணம் எழும்போது, யாருமே சொல்லவில்லை என்று கொண்டு உடனே காப்பாளரிடம் தெரிவியுங்கள்.

நீங்கள் இரண்டாமாண்டு மாணவரானால் உங்கள் கையில்தான் எல்லாம் இருக்கிறது. புதியவருக்கு உணவுக்கூடத்தைக் காட்டுங்கள். பழைய குறிப்பேடுகளைக் கொடுங்கள். ஆங்கிலப் பாடம் கண்டு மிரளும் தமிழ்வழி மாணவருக்கு முதல் மாதம் துணை நில்லுங்கள். நீங்கள் பட்டதை அவர் படாமல் போனால் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை. சங்கிலியின் ஒரு கண்ணி விட்டுப்போனாலே அடுத்த ஆண்டுக்கு அது நீளாது.