டெக் கட்டிப் பார்!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள். இரண்டையும் பார்த்தாயிற்று. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று ஒருத்தரும் எச்சரிக்கவில்லை ஸார். கொல்லைப்புறத்தில் நாலு பேர் நிம்மதியாக உட்கார ஓர் இடம் கட்டிப் பாருங்கள். அப்போது தெரியும்!

ஆரம்பித்து வைத்தது என் மச்சினன். நியூ ஜெர்ஸியில் கம்ப்யூட்டர் தட்டுகிறான். ஒரு நாள் ஃபோட்டோ அனுப்பினான். வீட்டுக்குப் பின்னால் பலகை பலகையாக ஒரு மேடை, மரக் கைப்பிடி, நாலு சாய்வு நாற்காலி. 'எங்க வீட்டு டெக், மாமா!' என்று கீழே ஒரு வரி.

எனக்குத் தெரிந்த டெக் ஒன்றே ஒன்றுதான். வாடகைக்கு எடுத்து வந்து விடிய விடிய நாலு படம் பார்ப்போமே, அது! இதைச் சொன்னதும் என் மனைவி பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. "நம்ம வீட்டுலயும்தான் கொல்லை இருக்கு. முருங்கை மரமும் உடைஞ்ச சைக்கிளும்" என்றாள்.

எங்கள் ஊர் மண்டகப்பட்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் கண்ணை மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடுகிற ஊர். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் விழுப்புரத்துக்குப் போய் ஃபைல் புரட்டுகிற சாதாரண ஜீவன் நான்.

இங்கே ஒரு பழைய பாவத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் ஒரு திண்ணை இருந்தது. தாத்தா போட்டது. கரு மண் நிறத்தில், கை வைத்தால் வழுக்கும். தலை வைக்க ஓரத்தில் சின்ன மேடு. மே மாதத்திலும் முதுகுக்கு ஜில்லென்று இருக்கும். 1997-ல் நான் முதல் ஸ்கூட்டர் வாங்கினேன். வண்டி நனையக் கூடாதே! ஒரே நாளில் திண்ணையை இடித்து ஷெட் போட்டேன். அப்பா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அங்கே இருந்த கீற்றுக் கொட்டகையில் கயிற்றுக் கட்டில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். இருபத்தேழு வருஷம்!

2024 நவம்பர் 30 ராத்திரி 'ஃபெஞ்சல்' வந்தது. புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த புயல், மேலே போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டு விழுப்புரம் மாவட்டத்தை அடித்துத் துவைத்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை. 2011 'தானே' புயலில் தப்பிய எங்கள் கொட்டகை இதில் தப்பவில்லை. கூரை பக்கத்து வயலில் கிடந்தது. கட்டில் மட்டும் நடுக் கொல்லையில் நனைந்துகொண்டு நின்றது.

மறுநாளிலிருந்து அப்பா எங்கே உட்கார்ந்தார் தெரியுமா? பாத்ரூம் போகிற படியில். வயசு 81. ஹால் சோபா இருக்கிறது, டி.வி. இருக்கிறது, ஃபேன் இருக்கிறது. "அங்க மூச்சு முட்டுதுடா" என்பார். அம்மா போனதுக்கப்புறம் அவர் சொல்வதே இப்படி ரெண்டு ரெண்டு வார்த்தைதான்.

சரி, கட்டிவிடுவது என்று முடிவு. ஆபீஸ் சொஸைட்டியில் லோன் ஒண்ணேகால் லட்சம்.

லோன் வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு ஸார். என்னத்துக்கு என்று கேட்பார்கள். 'கொல்லையில் உட்கார' என்று சொன்னேன். அன்றைக்கு முழுக்க ஆபீஸில் வேலை நடக்கவில்லை. ஆளுக்கொரு யோசனை. "ஷீட் போட்டுருங்க, ஒரே நாள் வேலை" என்றார் ஹெட் கிளார்க். "மூங்கில் குடில் மாதிரி பண்ணுங்க, ரிசார்ட் எஃபெக்ட் வரும்" என்றான் புதுசாகச் சேர்ந்த பையன். டெஸ்பாட்ச் நண்பர் மட்டும் நியாயமாகக் கேட்டார்: "மேலே என்ன போடறதுங்கறது இருக்கட்டும். மழை எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?"

அப்போதுதான் உறைத்தது. ஐம்பது வருஷமாக அந்தக் கொல்லையில் புழங்கியிருக்கிறேன், மழை எந்தப் பக்கம் அடிக்கும் என்று யோசித்ததே இல்லை!

முதலில் ஆசாரியைக் கூப்பிட்டு மச்சினன் ஃபோட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. எத்தினி வருசத்துக்கு வேணும்?" என்றார்.

"ஏன், மச்சினன் வீட்டுல நிக்குதே?"

"அவங்க ஊர்ல கரையான் எப்டியோ! இங்க சாமிக்கே பயப்படாது. தேக்குல போட்டா உங்க லோனு பலகைக்கே பத்தாது. மத்த மரம்னா ரெண்டு மழை, ரெண்டு வெயிலு... பலகை அப்பளமா வளையும்."

மச்சினனுக்கே ஃபோன் போட்டேன். அங்கே மரத்தை அப்படியே போடுவதில்லையாம். அழுத்தத்தில் மருந்து ஏற்றிய பலகை. பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. முன்பெல்லாம் அந்த மருந்தில் ஆர்ஸனிக் - அதாவது சாட்சாத் பாஷாணம் - இருந்திருக்கிறது. 2003-ஓடு வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது தாமிரம் கலந்த மருந்து. அப்படியும் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை சுரண்டி, கழுவி, எண்ணெய் பூச வேண்டுமாம். "லீவு நாள் பூரா டெக்ல உக்கார்றேனோ இல்லையோ, டெக்கைத் தேய்க்கறேன் மாமா" என்றான். பாவம்!

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை ஒன்று வருகிறதே என்று விழுப்புரம் கடையில் போய் விசாரித்தேன். கரையான் தின்னாதுதான். ஆனால் கடைக்கு வெளியே வெயிலில் சாத்தியிருந்த சாம்பிளில் கை வைத்தேன். உடனே எடுத்தேன். செருப்பில்லாமல் நடக்கிற என் அப்பாவுக்கு அது தோசைக்கல். ஹெட் கிளார்க்கின் தகர ஷீட்? வெயிலில் அடுப்பு, மழையில் பறைமேளம், புயலில் பறக்கும் கத்தி. மூன்றும் வேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனசு வெறுத்து, ப்ளஸ் ஒன் படிக்கிற பையனைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர்க் குகைக்குப் போனேன். சின்ன வயசில் ஆடு மேய்க்கிறவர்களோடு போய்ப் படுத்துத் தூங்கிய இடம். வெளியூர்க்காரர்கள் காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நாங்கள் போவதில்லை. உள்ளூர்க் கோயில் சமாசாரம் உங்களுக்கே தெரியும்.

ஒரு பாறை. அதில் குடைந்த மண்டபம். இரண்டு கனமான தூண்கள். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. இரண்டு ஓரத்திலும் தடியை ஊன்றிக்கொண்டு காவல்காரர்கள். உள்ளே மூன்று கருவறை, மூன்றும் காலி. ஏழாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்தது. கல்வெட்டில் அவன் சொல்கிற விஷயம் இதுதான்: செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. இந்த நாலும் இல்லாமல் பிரம்மாவுக்கும் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தனாகிய நான் எடுத்த கோயில் இது!

சின்ன வயசில் இதைக் கேட்டபோது பெருமையாக இருந்தது. லோன் வாங்கினபிறகு கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது ஸார். அந்த நாலும் என்ன? நம் ஹார்ட்வேர் கடை பில்! அந்த நாலில்தான் அதுவரை கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மரம் உளுத்திருக்கும், சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும், செங்கல் கரைந்திருக்கும். அந்த மழைக்கும் வெயிலுக்கும் ராஜா எழுதிய பதில்தான் இந்தக் குகை என்று எனக்குப் படுகிறது. 'மத்தவிலாசம்' என்று ஒரு சிரிப்பு நாடகம் எழுதிய ஆசாமி வேறு. அவனே எழுதிக்கொண்ட பட்டப் பெயர் 'விசித்திரசித்தன்'. நம் ஆபீஸில் இருந்திருந்தால் நிச்சயம் மெமோ வாங்கியிருப்பான்.

பையன் யோசித்துவிட்டுக் கேட்டான்: "உளி இரும்புதானேப்பா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மண்டபத்துத் தரையில் உட்கார்ந்தேன். சித்திரை மாசம், மத்தியானம் ரெண்டு மணி. கீழே கல் குளிர்ச்சியாக இருந்தது. முதுகு நனைந்திருந்த சட்டை காய்ந்தது. அந்த ஜில்லிப்பு எனக்குத் தெரியும். 1997-க்கு முன்னால் எங்கள் வாசலில் இருந்தது அது.

மறுநாளே மேஸ்திரியை வரச் சொன்னேன். செஞ்சிப் பக்கத்துக்காரர். ராஜகிரியைப் பார்த்து வளர்ந்தவர். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதில் தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும்தான். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அவர் பேச்சில் ஒரு தோரணை. "கல்யாண மஹால் செங்கல்லும் சுண்ணாம்புந்தான் சார். சுண்ணாம்பை ஒழுங்கா அரைச்சா அதுவும் நிக்கும்" என்று என் பல்லவனை ஒரே போடாகப் போட்டார்.

ஒரு மாசம் நானும் பையனும் கொல்லையில் ஒரு குச்சி நட்டு நிழல் பார்த்தோம். காற்றுக்குத் துணி கட்டிப் பார்த்தோம். மூணு மணிக்கு மேல் மேற்கு வெயில் கண்ணைக் குத்துகிறது. அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு வேப்பங்கன்று இருந்தது, அதற்குத் தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்தோம். கோடையில் சாயங்காலம் கடல் காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. கடல் இருப்பது ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். ஐப்பசி, கார்த்திகைச் சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆகவே வடகிழக்கு மூலையில் சுவர், தென்கிழக்கு திறப்பு. டெஸ்பாட்ச் நண்பருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பன்னிரண்டடிக்குப் பத்தடி. ஒன்றரையடி தோண்டிக் கருங்கல் அடுக்கி, மேலே கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டு மூணு நாள் இடித்தார்கள். அதன்மேல் கல் பாவு. பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். நாலு மூலைக்கும் கல்தூண். வேலிக்கு விற்கிறார்களே, அந்த ரகத்தில் கொஞ்சம் பருமன். ரெண்டரையடி மண்ணுக்குள்.

கூரைக்குப் பனஞ்சட்டம். இப்போது பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும், நியாயம்தான். அதனால் பக்கத்து ஊரில் இடித்த ஒரு வீட்டின் சட்டத்தையும் மங்களூர் ஓட்டையும் விலை பேசினோம். வைரம் பாய்ந்த கறுப்புச் சட்டம். ஆணி அடித்தால் ஆணி வளைந்தது. திறந்த கூரைக்கு எதிரி மேலே வருகிற காற்று அல்ல, கீழே புகுந்து குடையைத் தூக்குகிற மாதிரித் தூக்குகிற காற்று. அதனால் சட்டத்தையும் தூணையும் இரும்புப் பட்டை போட்டு முடுக்கி, ஓர ஓடுகளைச் சாந்து வைத்துப் பிடித்தோம். ஆக, பல்லவன் வேண்டாமென்ற நாலில் செங்கல், மரம், சுண்ணாம்பு, இரும்பு எல்லாமே உள்ளே வந்துவிட்டது. ஹி... ஹி... நான் மகேந்திரவர்மன் இல்லையே ஸார்!

சண்டை வந்தது மறைப்பில்தான்.

எனக்குத் தனிமை வேண்டும். மேற்கே புது மாடி வீடு, அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டு ரசத்தில் தக்காளி எத்தனை என்று எண்ணலாம். தெற்கே சந்து. மூன்று பக்கமும் ஆளுயரத்துக்குப் பனைமட்டை வரிச்சல் கட்டி, அதன்மேல் கொடி விடுவதாகத் திட்டம். பேப்பரில் படம்கூடப் போட்டுவிட்டேன். லுங்கி கட்டிக்கொண்டு, ஃபோனை அணைத்துவிட்டு, ஒரு மனுஷமுகம் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க வேண்டும். எட்டு மணி நேரம் கவுன்ட்டரில் ஜனங்களைப் பார்க்கிறவனுக்குத்தான் இந்த ஆசை புரியும்.

அப்பா வந்தார். கட்டியிருந்த வரிச்சலைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எதுக்குடா?"

"மறைப்புப்பா. யாரும் பார்க்கக் கூடாது இல்ல?"

"சந்துப் பக்கமுமா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். நான் கேட்டு வருஷக்கணக்கான நீளத்தில் ஒரு வாக்கியம்.

"திண்ணை இருந்தப்ப தினம் இருபது பேர் 'சாப்டாச்சா'ன்னு கேட்டுட்டுப் போவான். கொட்டாய்க்கு வந்தப்புறம் ரெண்டு பேரு, அதுவும் இந்தச் சந்து வழியா. அதையும் அடைக்கிறியே தம்பி."

மேஸ்திரி சாந்துச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் என்னைப் பார்த்தான்.

மேற்குப் பக்கம் மறைப்பு நின்றது. தெற்கே வரிச்சலைப் பிரித்தோம். அந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு மருதாணி வைத்தோம், அதுகூட மனைவிக்காக. என் ஞாயிற்றுக்கிழமைத் தனிமை மேற்கு மூலையில் மூன்றடிக்குச் சுருங்கிவிட்டது. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

கடைசியில் உயரம். படத்தில் நான் ரெண்டரையடி போட்டிருந்தேன், பழைய திண்ணை மாதிரி. மேஸ்திரி டேப்பை எடுக்கவில்லை. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, பாதத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை ஒரு கயிறு பிடித்தார். அதில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சு உயரத்துக்கு முன்பக்கம் ஓர் இருக்கைத் திட்டு கட்டினார். டேப்பில் அளந்தேன். பதினேழு அங்குலம்.

2025 ஐப்பசியில் முதல் கனமழை. ராத்திரி பத்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். ஓரத்து ஓடு ஒன்று அசைந்திருந்தது. வடகிழக்குச் சுவர் நனைந்திருந்தது. தரையில் விழுந்த சாரல் வாட்டம் பார்த்து முருங்கை மரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. திட்டின் மேல் அப்பா, துண்டைப் போர்த்திக்கொண்டு.

"நனையப் போறீங்கப்பா, உள்ள வாங்க."

"இரு" என்றார். சந்தில் யாரோ குடையோடு தண்ணீரில் அளைந்துகொண்டு போனார்கள்.

"யாருப்பா அது? இந்த மழையிலயா போற? சாப்டாச்சா?"