நுரைக்கு ஆயுள் எத்தனை விநாடி?

கெப்பாலா பத்தாஸில் ஓர் உணவுக்கடையில் அமர்ந்து தே தாரிக் கேட்டுப் பாருங்கள். கலக்குபவர் ஒரு குவளையைத் தலைக்கு மேல் உயர்த்தி, மற்றொன்றை இடுப்புக்குக் கீழே பிடித்து, தேநீரை இழுத்து இழுத்து ஊற்றுவார். மேசைக்கு வரும்போது அதன்மேல் நுரை கெட்டியாக நிற்கும். பாதி குடித்த பின்னும் அது கிளாஸின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அங்கிருந்து தெற்கே பட்டர்வொர்த்துக்குப் போய், ஜார்ஜ்டவுன் செல்லும் ஃபெரியில் ஏறுங்கள். பின்பக்கம் நின்று கடலைப் பாருங்கள். அங்கும் நுரைதான், ஆனால் வேறு மாதிரி. ஃபெரியின் சுழலி கடைந்த இடத்தில் தண்ணீர் பால்போல் வெளுக்கிறது. அந்த வெண்மை நீண்ட பாதையாகப் பின்னால் கிடந்து, மெல்ல மெல்லக் கரைகிறது. முன்பக்கம் மோதித் தெறிக்கும் சாரலோ ஒரு நொடியில் விழுந்து மறைகிறது.

இந்தக் காட்சியைக் கணினியில் உருவாக்கச் சொன்னால் எப்படிச் செய்வீர்கள்?

பிளெண்டர் என்பது யாரும் இலவசமாகப் பதிவிறக்கிக் கொள்ளக்கூடிய முப்பரிமாண மென்பொருள். 2020 பிப்ரவரியில் வெளிவந்த அதன் 2.82 பதிப்பிலிருந்து, மான்டாஃபுளோ என்ற திரவ சிமுலேஷன் கருவி அதனுடன் சேர்ந்தே வருகிறது. அதில் முதல்முறை கடல் செய்து பார்க்கும் மாணவர் பலருக்கும் ஒரே அனுபவம்தான். நுரை இல்லாமல் செய்தால் கடல் நீல நிற அகார் அகார்போல் குலுங்குகிறது. நுரையைச் சேர்த்தால் அலைமேல் யாரோ ஜவ்வரிசியைக் கொட்டியதுபோல் இருக்கிறது. உடனே எண்களைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பார்கள். ஜவ்வரிசி அதிகமாகும், கணினி திணறும், கடல் மட்டும் வராது.

கோளாறு கணினியில் இல்லை. நுரையைப் பற்றி அதற்கு நாம் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நுரை எங்கே பிறக்கிறது? எப்படி நகர்கிறது? எப்போது மறைகிறது? அமைப்புப் பலகையில் உள்ள எண்கள் எல்லாம் இந்த மூன்றுக்கும் உரிய பதில்களே.

முதலில், நுரை ஏன் வெள்ளை?

தண்ணீருக்கு நிறமில்லை, காற்றுக்கும் நிறமில்லை. இரண்டும் கலந்தால் மட்டும் ஏன் வெண்மை? ஒவ்வொரு குமிழியும் மெல்லிய நீர்ப்படலத்தால் ஆனது. ஒளி ஒவ்வொரு படலத்திலும் சிறிது எதிரொளிக்கிறது, சிறிது வளைந்து உள்ளே போகிறது. ஆயிரக்கணக்கான படலங்களில் இப்படிச் சிதறிய ஒளி, எல்லா நிறங்களும் கலந்தபடியே நம் கண்ணுக்குத் திரும்புகிறது. அதனால் வெள்ளை.

ஃபெரியின் பின்னால் இருக்கும் குமிழிகளை எண்ணி முடியாது. அவை ஒவ்வொன்றையும் கணக்கிட எந்தக் கணினியாலும் இயலாது. ஆகவே வல்லுநர்கள் குறுக்குவழி ஒன்றைக் கையாள்கிறார்கள். முதலில் தண்ணீரின் ஓட்டத்தை மட்டும் கணக்கிடுகிறார்கள். பிறகு, நுரை வர வேண்டிய இடங்களில் சிறு வெண்துகள்களைத் தூவுகிறார்கள். இந்தத் துகள்கள் தண்ணீரோடு போகும். ஆனால் தண்ணீரின் ஓட்டத்தை மாற்றாது. ஒரு துகள் ஒரு குமிழி அன்று. குமிழிக் கூட்டம் ஒன்றின் பிரதிநிதி.

பிறக்கும் இடம்

2012-ல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கென ஒரு முறையை வெளியிட்டனர். பிளெண்டரில் இன்று நாம் காணும் நுரை அமைப்புகளுக்கும் அதுவே அடிப்படை. அந்த முறை தண்ணீரின் ஒவ்வொரு பகுதியையும் மூன்று வகையில் சோதிக்கிறது.

ஒன்று, காற்று சிக்குகிறதா? பக்கத்துப் பக்கத்து நீர்த்துகள்கள் வேகமாக ஒன்றோடொன்று மோதும் இடத்தில் காற்று உள்ளே அகப்படும். தே தாரிக் கீழ்க்குவளையில் விழும் இடமும் ஃபெரியின் சுழலி கடையும் இடமும் இப்படிப்பட்டவையே.

இரண்டு, அலையின் முகடா? மேற்பரப்பு கூர்மையாக வளைந்து, தண்ணீரும் அந்த முகடு நோக்கும் திசையிலேயே பாய்ந்தால் அந்த அலை உடையப் போகிறது என்று பொருள்.

மூன்று, போதிய ஆற்றல் உண்டா? இயக்க ஆற்றல் பாடம் நினைவிருக்கிறதா? வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். மெதுவாக அசையும் தண்ணீர் நுரைக்காது.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குறைந்த எல்லையும் ஓர் உயர்ந்த எல்லையும் உண்டு. பிளெண்டர் அலை முகட்டுக்குத் தானாக வைத்திருக்கும் எல்லைகள் 2, 8. சோதனையில் 2-க்குக் கீழே வந்தால் மதிப்பெண் 0. 8-க்கு மேலே போனால் 1. நடுவில் 5 வந்தால்? 5-லிருந்து 2-ஐக் கழித்து 6-ஆல் வகுக்கிறோம், விடை 0.5.

இனி மூன்று மதிப்பெண்களையும் சேர்க்க வேண்டும். காற்றுக்கும் முகட்டுக்கும் தனித்தனிப் பெருக்கெண்கள் உண்டு. பிளெண்டர் தருபவை முறையே 40, 200. ஓர் இடத்தில் காற்று 0.2, முகடு 0.5, ஆற்றல் 0.5 என்று வைத்துக்கொள்வோம். ஃபிரைபர்க் முறைப்படி கணக்கு இதுதான்:

0.5 × (40 × 0.2 + 200 × 0.5) = 0.5 × 108 = 54

அதாவது அந்த நீர்த்துகளிடமிருந்து ஒரு விநாடிக்கு 54 நுரைத்துகள்கள் பிறக்கும். காற்றும் முகடும் கூட்டலில் இருப்பதைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். ஆற்றலோ பெருக்கலில் நிற்கிறது. அது 0 ஆனால் எல்லாமே 0. எனவே கடல் முழுவதும் நுரை மூடிக்கிடந்தால் பெருக்கெண்களைத் தொடாதீர்கள். ஆற்றலின் குறைந்த எல்லையை உயர்த்துங்கள். அமைதியான தண்ணீர் தெளிந்துவிடும். உடையும் அலை மட்டும் வெளுக்கும்.

நகரும் விதம்

பிறந்த துகள்கள் எல்லாம் நுரை அல்ல. அமைப்புப் பலகையில் ஸ்பிரே, ஃபோம், பபிள்ஸ் என்று மூன்று தனித்தனிப் பெட்டிகள் இருக்கும். அதாவது சாரல், நுரை, குமிழி. எது எந்த வகை என்று கணினி அறிவது எப்படி? அக்கம்பக்கத்தில் எத்தனை நீர்த்துகள்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கிறது. ஃபிரைபர்க் முறையில் 6-க்குக் குறைவாக இருந்தால் அது காற்றில் பறக்கும் சாரல். 20-க்கு மேல் இருந்தால் நீருக்கடியில் உள்ள குமிழி. இடைப்பட்டது மேற்பரப்பில் மிதக்கும் நுரை.

மூன்றும் மூன்று விதமாக நகர்கின்றன. சாரல், எறிந்த கல்லைப்போல் புவியீர்ப்புக்கு உட்பட்டு வளைந்து விழும். நுரை, தண்ணீர் போகும் வழியே போகும். குமிழியை மிதப்பு விசை மேலே தள்ளும். சுற்றியுள்ள நீர் தன்னோடு இழுக்கும். இந்த இரண்டு விசைகளுக்கும் தனி எண்கள் உண்டு. மிதப்பைக் கூட்டினால் குமிழிகள் சோடாவில் எழுவதுபோல் விரைந்து மேலே வரும். இழுப்பைக் கூட்டினால் நீரோட்டத்தோடு சுழன்று நெடுநேரம் ஆழத்தில் இருக்கும். ஃபெரியின் பின்னால் தெரியும் பால் நிறத்துக்கு இரண்டாவதே பொருத்தம்.

மறையும் நேரம்

மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் எண் இதுதான். பிளெண்டர் நுரைக்குத் தானாகத் தரும் ஆயுள் 10 முதல் 25 ஃபிரேம் வரை. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால், அது அரை விநாடிக்கும் குறைவிலிருந்து ஒரு விநாடி வரைதான். கிளாஸில் ஊற்றிய தண்ணீருக்கு அது போதும். ஃபெரியின் பாதைக்குப் போதவே போதாது.

ஆயுளை மாற்றும்போது கூட்டத்தின் அளவும் மாறும். ஓர் ஊரில் ஆண்டுக்கு எத்தனை பேர் பிறக்கிறார்கள், சராசரியாக எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தானே மக்கள்தொகை அமைகிறது? நுரையும் அப்படியே. மேலே பார்த்த நிலையில் 10,000 நீர்த்துகள்கள் இருந்தால் விநாடிக்கு 5,40,000 நுரைத்துகள்கள் பிறக்கும். ஆயுள் ஒரு விநாடி என்றால் திரையில் எப்போதும் ஏறத்தாழ அத்தனை இருக்கும். ஆயுளை 5 விநாடியாக்கினால் 27 லட்சம்! கணினி திணறுவதற்குக் காரணம் புரிகிறதல்லவா? ஆயுளைக் கூட்டினால் பெருக்கெண்ணைக் குறைக்க வேண்டும்.

உண்மையான நுரையின் ஆயுளை எது தீர்மானிக்கிறது? தண்ணீரில் கலந்திருக்கும் பொருள்தான். நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி விரைவில் உடையும். கடலின் உப்பு அவை சேர்வதைத் தடுக்கிறது. அதனால் கடல் நுரையில் சிறு குமிழிகள் அதிகம். பாலில் உள்ள புரதம் குமிழியின் படலத்தில் ஒட்டிக்கொண்டு அதை வலுப்படுத்துகிறது. தே தாரிக் நுரை நிற்பது அதனால்தான். சோப்பு இன்னும் நன்றாகப் பிடித்து வைக்கும்.

2019-ஆம் ஆண்டு இறுதியில், மழைக்குப் பின், சென்னை மெரினா கடற்கரையில் வெண்ணுரை மலைபோல் குவிந்தது. பிள்ளைகள் அதில் இறங்கி விளையாடினார்கள். பெரியவர்கள் படம் எடுத்தார்கள். ஆனால் அது அலை தந்த நுரை மட்டுமன்று. கழிவுநீரோடு கடலில் கலந்த சோப்புப் பொருள்கள் அதை உடையவிடாமல் பிடித்து வைத்திருந்தன. கரையில் நெடுநேரம் நிற்கும் நுரை அழகாக இருக்கலாம். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வியையும் அது எழுப்புகிறது. நுரையின் ஆயுளைக் கவனிக்கப் பழகியவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் உள்ளே இறங்கமாட்டார்.

நுரை ஓர் அளவுகோல்

இனி ஜவ்வரிசிக்கு வருவோம். குமிழியின் அளவு பெரும்பாலும் நீரின் பரப்பு இழுவிசையைப் பொறுத்தது. வாளியானாலும் கடலானாலும் அந்த விசை ஏறக்குறைய ஒன்றே. ஆகையால் பொம்மைப் படகின் அருகில் ஐந்து மில்லிமீட்டர் குமிழி பெரிதாகத் தெரியும். ஃபெரியின் அருகில் அதே குமிழி கண்ணுக்கே தெரியாது, வெண்மை மட்டும் தெரியும். நம் கண் இதைச் சிறுவயதிலிருந்தே பழகியிருக்கிறது. அந்தக் காலப் படங்களில் சிறிய மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் மிதக்கவிட்டு எடுத்தபோது, குண்டு குண்டான நீர்த்துளிகளே உண்மையைக் காட்டிக்கொடுத்தன.

உங்கள் திரையில் துகள்கள் உருண்டை உருண்டையாகத் தெரிந்தால், நீங்கள் செய்த கப்பலைப் பார்ப்பவர் பொம்மை என்றே நினைப்பார். துகளின் உருவ அளவைக் குறையுங்கள். காட்சியின் நீள அகலத்தை உண்மையான மீட்டரில் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

புதுச்சேரிச் சிறுவன் ஒருவன் புலியோடு கடலில் தத்தளிக்கும் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் கடல்காட்சிகள் தைவானின் தைச்சுங் நகரில் கட்டிய அலைத்தொட்டியில் எடுக்கப்பட்டன. தொட்டியின் சுவருக்கு அப்பால் தெரியும் கடல் கணினியில் உருவானது. தொட்டித் தண்ணீரும் கணினித் தண்ணீரும் ஒட்டும் இடம் தெரியக்கூடாது என்றால், இரண்டின் அலையும் நுரையும் ஒத்துப்போக வேண்டும். 2013-ல் அந்தப் படம் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருது பெற்றது. அதில் முக்கியப் பங்காற்றிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்கு மலேசியாவிலும் ஒரு பிரிவு இருந்தது. இது எங்கோ தொலைவில் மட்டும் நடக்கும் வேலை அன்று.

எந்த வரிசையில் செய்வது?

முதலில் நுரையே இல்லாமல் தண்ணீரின் ஓட்டத்தைச் சரிசெய்யுங்கள். அலை சரியாக உடையாவிட்டால் எந்த நுரையும் அதைக் காப்பாற்றாது. அடுத்து, பிறக்கும் எல்லைகள். அதன்பின் ஆயுள். கடைசியாகத்தான் எண்ணிக்கையும் உருவ அளவும். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி, என்ன மாறியது என்று குறித்து வையுங்கள். அறிவியல் கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றிச் சோதிப்பது போலத்தான் இதுவும். இன்னொன்று: கணக்கின் நுணுக்கத்தை உயர்த்தும்போது சிறுசிறு சுழல்களும் கணக்கில் வரும், நுரையின் அளவு மாறும். எனவே இறுதி நுணுக்கத்தில் ஒருமுறை மீண்டும் சரிபாருங்கள்.

செய்து பாருங்கள்

மூடியுள்ள மூன்று கண்ணாடிப் புட்டிகளில் பாதியளவு தண்ணீர் எடுங்கள். ஒன்றில் எதுவும் வேண்டாம். இரண்டாவதில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். மூன்றாவதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். ஒவ்வொன்றையும் பத்து விநாடி குலுக்கி வைத்துக் கைப்பேசியில் காணொளி எடுங்கள். நுரை பாதியாகக் குறைய எத்தனை விநாடி, முழுவதும் மறைய எத்தனை விநாடி என்று குறியுங்கள். ஒவ்வொரு விநாடியையும் 24-ஆல் பெருக்குங்கள். கிடைக்கும் எண்களை அப்படியே ஆயுள் பெட்டிகளில் இட்டுப் பாருங்கள். அடுத்த முறை ஃபெரி ஏறும்போதும் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: அந்த வெள்ளைப் பாதை கரைய எவ்வளவு நேரம் ஆகிறது?